‘கிளீன் அப்’ என்றால் என்ன?

பிறமொழி ஒன்றைக் கற்பவனுக்கு அம்மொழியின் பெரிய சொற்கள் அத்துணைத் தொல்லை தருவதில்லை. அகராதியைப் புரட்டினால் அவற்றிற்குப் பொருள் கிடைத்துவிடும். தொல்லை தருபவை சின்னஞ்சிறு சொற்களே. ஆங்கிலத்தில் ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’, ‘டவுன்’ என்று சில குட்டிச் சொற்கள் உள்ளன. தனியே நிற்கும்போது அவை மேலே, வெளியே, அப்பால், கீழே என்று பொருள்படும் சாதுவான சொற்கள். ஆனால் ஒரு வினைச்சொல்லின் தோளில் ஏறி அமர்ந்துகொண்டால் அவ்வினையின் குணத்தையே மாற்றிவிடுகின்றன. ‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘லுக்’ என்றால் பார்; ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பேணிக் காப்பாற்று. இத்தகைய சொற்களை ஆங்கில இலக்கணத்தார் ‘பிரேசல் வெர்ப்’ என்பர். நாம் கூட்டுவினை என்று வைத்துக்கொள்வோம்.

அக்கூட்டுவினைகளுள் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். அது ‘கிளீன் அப்’ என்பது. தில்லியில் வாழும் நம்மவர் வீடுகளில் இச்சொல் நாள்தோறும் புழங்குகிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை சொல்கிறார்; அலுவலகத்தில் மேலதிகாரி சொல்கிறார்; செய்தித்தாளில் தலைப்பாக வருகிறது. நான் பண்டிதன் அல்லேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு ரெயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன். சுற்றறிக்கைகளும், பார்சல் கணக்குப் புத்தகங்களும், பிரயாணிகளின் புகார்க் கடிதங்களுமே எனக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசான்கள். அவ்வாறு கற்பதில் ஒரு நன்மை உண்டு. ஒரு சொல் எங்கே நின்று என்ன வேலை செய்கிறது என்பதை நேரிலேயே பார்க்கலாம்.

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒரு நாள் மாலை தன் ஆங்கில நூலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “அப்பா, ‘கிளீன்’ என்றாலே சுத்தம் செய் என்றுதானே பொருள்? பிறகு ‘அப்’ எதற்கு? கீழிருந்து மேலாகப் பெருக்க வேண்டுமா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. குழந்தைகள் கேட்கும் கேள்விகளில் பல இலக்கண ஆசிரியர்கள் கேட்க மறந்தவை.

இங்கே ‘அப்’ என்பதற்கு மேலே என்ற பொருள் இல்லை. மிச்சமின்றி, முற்றிலும் என்பதே அதன் பொருள். ‘ஈட்’ என்றால் உண். ‘ஈட் அப்’ என்றால் தட்டில் ஒரு பருக்கையும் விடாமல் உண். ‘பர்ன்’ என்றால் எரி. ‘பர்ன் அப்’ என்றால் எரிந்து சாம்பலாகிவிடு. ‘யூஸ் அப்’ என்றால் கையிருப்புத் தீரும் வரை பயன்படுத்து. அதுபோலவே ‘கிளீன் அப்’ என்பது, கலைந்தும் அழுக்குற்றும் கிடக்கும் ஓரிடத்தை முழுவதும் ஒழுங்கு செய்து முடிப்பதைக் குறிக்கும்.

இதை மகளுக்கு விளக்குவதற்கு ஆங்கில இலக்கணம் எனக்குத் தேவைப்படவில்லை. தமிழே போதுமானதாக இருந்தது. “உன் அம்மா ‘பாலைக் குடி’ என்று சொல்வதற்கும் ‘பாலைக் குடித்துவிடு’ என்று சொல்வதற்கும் வேற்றுமை உண்டா?” என்று கேட்டேன். “உண்டு. குடித்துவிடு என்றால் தம்ளரில் மிச்சம் இருந்தால் திட்டு விழும்” என்றாள். அவ்வளவுதான். ‘விடு’ என்பது தனியே நின்றால் கைநெகிழ்தலைக் குறிக்கும். ‘குடித்துவிடு’ என்னும்போது எதையும் கைநெகிழ்வதில்லை. செயல் முற்றுப்பெற வேண்டும் என்ற அழுத்தத்தையே அது தருகிறது. நம் இலக்கணத்தார் இதனைத் துணைவினை என்பர். ‘தின்று தீர்த்தான்’, ‘எழுதித் தள்ளினான்’, ‘உடைத்துப் போட்டான்’ என்பனவெல்லாம் இவ்வகையின. ஆங்கிலேயனின் ‘அப்’பும் நம்முடைய ‘விடு’வும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஊழியர்கள் என்று கொள்ளலாம்.

துறைத் தேர்வு எழுதும் இளைஞர்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் பயன்படும் ஒரு குறிப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ‘கிளீன் அப் தி ரூம்’ என்றும் எழுதலாம். ‘கிளீன் தி ரூம் அப்’ என்றும் எழுதலாம். இரண்டும் சரியே. ஆனால் அறை என்று பெயர் சொல்லாமல் ‘இட்’ என்று சுட்டினால், அச்சுட்டுச் சொல் நடுவில்தான் நிற்க வேண்டும். ‘கிளீன் இட் அப்’ என்பதே வழக்கு. ‘கிளீன் அப் இட்’ என்பது பிழை. மேலும், வினையாக வரும்போது இரு சொற்களாகப் பிரித்து எழுத வேண்டும். பெயராக வரும்போது ஒரே சொல்லாகவோ, நடுவே சிறு கோடிட்டோ எழுதுவர்.

‘அப்’ இருந்த இடத்தில் வேறொரு சொல் வந்தால் பொருளும் வேறாகும். ‘கிளீன் அவுட்’ என்றால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துக் காலி செய்தல். அலமாரியையும் பரணையும் வடிகாலையும் ‘கிளீன் அவுட்’ செய்யலாம். சூதாட்டத்தில் ஒருவனை ‘கிளீன் அவுட்’ செய்தார்கள் என்றால் அவன் சட்டைப்பையில் காலணாவும் மிஞ்சவில்லை என்று பொருள். நம்மூரில் ‘மொட்டையடித்துவிட்டார்கள்’ என்கிறோம் அன்றோ, அதுவே. ‘கிளீன் ஆஃப்’ என்றால் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதை அகற்றுதல். ‘கிளீன் டவுன்’ என்றால் சுவர் போன்றவற்றை மேலிருந்து அடிவரை கழுவித் துடைத்தல்.

இவற்றோடு உறவுடைய ‘வாஷ் அப்’ என்பது கடல் கடந்ததும் பொருள் மாறிய சொல். இங்கிலாந்தில் அதற்குச் சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவுதல் என்று பொருள். அமெரிக்காவிலோ கைகால் முகம் கழுவுதல் என்று பொருள். அமெரிக்க விருந்தாளி ஒருவர் உணவுக்கு முன் தாம் ‘வாஷ் அப்’ செய்ய வேண்டும் என்று சொன்னால், இங்கிலாந்து இல்லத்தரசி அவரை அடுக்களைக்கு அழைத்துச் சென்றாலும் வியப்பில்லை. ‘மாப் அப்’ என்பது சிந்திய நீரைத் துணியால் ஒற்றி எடுத்தல். போர்க்களத்தில் அதே சொல், தோற்ற படையில் அங்கங்கே எஞ்சி ஒளிந்திருப்பவர்களைத் தேடி ஒழிப்பதற்கு வழங்குகிறது. தரை துடைக்கும் துணி மனித உயிரின் மேல் ஏறிவிட்டதைப் பாருங்கள்.

‘கிளீன் அப்’ என்னும் சொல்லுக்கும் இத்தகைய பயணம் உண்டு. அறையைச் சுத்தம் செய்தல் அதன் முதற்பொருள். குளித்து முழுகித் தன்னைச் சீராக்கிக்கொள்வது இரண்டாவது. திருட்டும் சூதும் மலிந்த ஊரையும், இலஞ்சம் மலிந்த இலாகாவையும் சீர்செய்வது மூன்றாவது. கணக்குகளிலும் கோப்புகளிலும் வேண்டாதவற்றை நீக்கி ஒழுங்குபடுத்துவது நான்காவது. கணிப்பொறி வந்தபின் இப்பொருளே அலுவலகங்களில் மிகுதியாக வழங்குகிறது. ஐந்தாவது பொருள்தான் விந்தையானது. ஒரு வியாபாரி ‘கிளீன் அப்’ செய்தார் என்றால் அவர் ஏராளமாக இலாபம் சம்பாதித்தார் என்று அமெரிக்கர் பொருள் கொள்வர்.

தங்கம் அரித்தெடுக்கும் தொழிலிலும் இச்சொல் உண்டு. மணலும் கல்லும் கலந்த மண்ணை, நீர் ஓடும் நீண்ட மரத்தொட்டியில் கொட்டி அலசுவர். கனமான பொன்துகள்கள் அடியில் தங்கும். சில நாள்களுக்கு ஒருமுறை நீரை நிறுத்திவிட்டு அடியில் தங்கியதை வழித்தெடுப்பர். அந்த வேலைக்கு ‘கிளீன் அப்’ என்றே பெயர். அங்கே சுத்தம் செய்தவன் கையில் அழுக்கு வரவில்லை, பொன் வந்தது. பேஸ்பால் என்னும் ஆட்டத்தில் நான்காவதாக மட்டை பிடிப்பவருக்கும் இப்பெயர் உண்டு. முன்னே ஆடிய மூவரும் களத்தின் மூலைகளில் காத்து நிற்க, இவர் ஓங்கி அடித்தால் எல்லாரும் ஓடிவந்து சேர்வர், மூலைகள் காலியாகும்.

இனி நம் மொழிக்கு வருவோம். ‘கிளீன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் ‘கிளைன்’ என்று ஓர் உடன்பிறப்பு உண்டு. இன்று அதற்குச் சிறியது என்று பொருள். பழங்காலத்தில் ஒளியுள்ளது, பளபளப்பானது என்ற பொருள் இருந்தது. இதை அறிந்தபோது எனக்கு நம் ‘விளக்கு’ நினைவுக்கு வந்தது. பாத்திரம் விளக்குவதும் விளக்குதான்; இருளில் ஏற்றுவதும் விளக்குதான்; ஐயத்தைப் போக்குவதும் விளக்குவதுதான். அழுக்கை நீக்கினால் ஒளி தோன்றும் என்பதை நம் முன்னோர் ஒரே சொல்லில் வைத்தார்கள். ‘பெருக்கு’ என்றால் தரையைத் துடைப்பத்தால் தள்ளு. மிகுதியாக்கு என்றும் பொருள். ‘கூட்டு’ என்றாலும் அப்படியே. கணக்குப் பாடத்தில் கூட்டலும் பெருக்கலும் படிக்கும் பிள்ளை, வீட்டு வாசலிலும் கூட்டலையும் பெருக்கலையும் காண்கிறது. ‘கிளீன் அப்’ என்பதற்கு இலாபம் என்ற பொருள் வந்தது நமக்கு ஏன் விந்தையாக இருக்க வேண்டும்?

போகிக்கு முந்தைய வாரம் என் இல்லத்தரசி எங்கள் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸைச் சுத்தம் செய்தபோது, அவள் செய்த வேலைகளின் பெயர்களைக் குறித்து வைத்தேன். ஒட்டடை அடித்தாள். பரணை ஒழித்தாள். தூசி தட்டினாள். தரையைப் பெருக்கினாள், பிறகு துடைத்தாள். பித்தளைப் பாத்திரங்களைப் புளியிட்டுத் துலக்கினாள். தம்ளர்களை அலம்பினாள். அடுப்பைத் தேய்த்தாள். துணியைத் துவைத்தாள். சாக்கடை அடைப்பை எடுத்தாள். ஊரில் இருந்திருந்தால் திண்ணையைச் சாணமிட்டு மெழுகியும் இருப்பாள். ஆங்கிலேயன் இவை அத்தனையையும் ‘கிளீன் அப்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவான். பார்சல் ஆபீசில் பல சரக்குகளை ஒரே சாக்கில் போட்டு ‘இதரப் பொருள்கள்’ என்று சீட்டு ஒட்டுவது போல.

நம் வழக்கிலும் உருவகங்களுக்குக் குறைவில்லை. நண்பனைக் ‘கைகழுவிவிட்டான்’ என்றால் கைவிட்டான் என்பது கருத்து. பரீட்சை முடிவைக் கேட்டால் ‘எல்லாம் சுத்தம்’ என்று பையன் சொல்வான். ஒன்றும் தேறவில்லை என்பது அதன் பொருள். ஆயினும் வீட்டு வேலைச் சொற்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவற்றுள் பல, எதை அகற்றுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகின்றன. ஒட்டடை அடித்தல் என்றால் போவது ஒட்டடை. களை எடுத்தல் என்றால் போவது களை. தூர் வாருதல் என்றால் போவது தூர், அதாவது நீரின் அடியில் படிந்த சேறு. ‘கிளீன் அப்’ என்னும் சொல்லோ இடத்தை மட்டும் சொல்கிறது. அந்த இடத்திலிருந்து எது போயிற்று, எங்கே போயிற்று, யார் எடுத்தார் என்னும் மூன்று செய்திகளையும் சொல்லாமல் விடுகிறது.

சொல்லாமல் விட்டால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். எங்கள் ரெயில்வேயிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். நெடுங்காலம் ரெயில் பெட்டியின் கழிப்பறையில் நீரை ஊற்றியவுடன் எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று பிரயாணி எண்ணினார். பெட்டியைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் அழுக்கு மறைந்துவிடவில்லை. கீழே தண்டவாளத்தில் விழுந்தது. அங்கே ஒரு மனிதன் அதை எடுக்க வேண்டியிருந்தது. பின்னர், பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையான டி.ஆர்.டி.ஓ.வின் துணையோடு ‘பயோ டாய்லெட்’ என்னும் ஏற்பாடு வந்தது. பெட்டிக்கு அடியிலுள்ள தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்து நீராகவும் வாயுவாகவும் மாற்றிவிடுகின்றன. இன்று ஏறக்குறைய எல்லாப் பயணிகள் பெட்டிகளிலும் இவ்வேற்பாடு பொருத்தப்பட்டுள்ளது. அழுக்கு எங்கே போகிறது என்ற கேள்வியை ஒருவர் கேட்டதனால் விளைந்த நன்மை இது.

அக்கேள்விக்குச் சட்டமும் விடை தேடியிருக்கிறது. மனிதக் கழிவை மனிதன் கையால் அகற்றும் வேலைக்கு ஆள் வைப்பதை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை விரிவாக்கி, அத்தொழிலில் இருந்தோரின் மறுவாழ்வையும் சேர்த்துக்கொண்டது. பாதாளச் சாக்கடையில் இறங்கி உயிர் துறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய நிலை இருந்தது என்பதே வேதனைக்குரியது. ‘சாக்கடை சுத்தம் செய்யப்பட்டது’ என்னும் ஒரு வரிச் செய்திக்குள் ஒரு மனிதனின் மூச்சு அடங்கிக் கிடக்கலாம்.

இனிச் சொல்லப்போவது தில்லித் தமிழர் யாவரும் அறிந்தது. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் மதராசி கேம்ப் என்னும் குடியிருப்பு இருந்தது. ஜஹாங்கீர் காலத்துப் பழைய பாலம் ஒன்றின் பெயரைத் தாங்கிய அவ்வடிகால் யமுனையில் சென்று கலக்கிறது. திருக்குறள் விரைவு வண்டி கன்னியாகுமரியிலிருந்து வந்து நிற்கும் நிஜாமுதீன் நிலையம் அங்கிருந்து தொலைவில் இல்லை. பல பத்தாண்டுகளுக்கு முன்பே பிழைப்பைத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. பெண்களில் பலர் சுற்றுப்புற வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து வாழ்ந்தவர்கள். பிள்ளைகள் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தார்கள். வடிகாலின் போக்கு அடைபடுவதாலும் மழைக்காலத்தில் நீர் தேங்குவதாலும் கரையிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்ற தில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணையின்படி, 2025 ஜூன் 1-ஆம் நாள் 300-க்கும் மேற்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டன. தகுதியுடையோர் என்று பட்டியலில் இடம்பெற்றோருக்கு நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. மற்றையோருக்கு இல்லை.

அந்நாள்களில் எங்கள் அலுவலகத்தில் செய்தித்தாளை வைத்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், “நல்லது, கடைசியில் வடிகாலைக் ‘கிளீன் அப்’ செய்கிறார்கள்” என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். மழைக்காலத்தில் முழங்கால் நீரில் நடந்து அலுவலகம் வருபவர். அவர் சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழையும் இல்லை. அவ்வாக்கியத்தில் வடிகால் இருந்தது, தண்ணீர் இருந்தது, மனிதர்கள் மட்டும் இல்லை.

அம்முகாமில் வாழ்ந்த ஓர் அம்மையாரை எங்கள் குடும்பத்திற்கு நெடுநாளாகத் தெரியும். விழுப்புரம் பக்கத்தவர். என் இல்லத்தரசி அவரை அக்கா என்று அழைப்பாள். காகிதங்களைப் படித்துச் சொல்ல அவர் என்னிடம் வருவார். பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு மாலை வந்தார். அவர் பெயர் இருந்தது. உடன்பிறந்தவர் குடும்பத்தின் பெயர் இல்லை. மூன்று முறை தேடிப் பார்த்துச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

“வாய்க்காலைத் தூர் வாரப் போகிறார்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள், தம்பி. வாரட்டும், தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது நாங்கள்தானே என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். தூர் என்றது எங்களைத்தான் என்று பிறகல்லவா தெரிந்தது.”

என் மனைவி அவர் கையில் காபித் தம்ளரைக் கொடுத்தாள். குடித்து முடித்ததும், வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், தம்ளரைத் தாமே அலம்பிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

நரேலாவிலிருந்து ஜங்புரா ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அவர் வேலை செய்த நான்கு வீடுகளில் இரண்டை விட்டுவிட்டார். மற்ற இரண்டிற்கு விடியுமுன் புறப்பட்டு வருகிறார். நீதிமன்றத்தின் ஆணையைப் பற்றிக் கருத்துரைப்பது என் நோக்கம் அன்று. வடிகாலில் நீர் ஓடத்தான் வேண்டும். மழையில் மூழ்கும் தெருக்களில் வாழ்வோரும் மனிதரே. நான் பேசுவது ஒரு சொல்லைப் பற்றி. சேற்றை அகற்றுவதற்கும் மனிதரை அகற்றுவதற்கும் ஒரே சொல் வழங்கும்போது, கேட்பவர் மனம் இரண்டையும் ஒன்றாகவே எண்ணப் பழகிவிடுகிறது. அதன்பின், அம்மனிதர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி எழுவதில்லை. வாரிய தூர் எங்கே போயிற்று என்று யார் கேட்கிறார்கள்?

இதில் ஆங்கிலத்தை மட்டும் குற்றம் சாட்டுவதும் முறையாகாது. நம் மேடைகளிலும் கட்சிகளிலும் ‘களையெடுப்பு’ என்று மனிதரைப் பற்றிப் பேசுவதைக் கேட்கிறோம். ‘துப்புரவு’ என்னும் சொல்லின் கதையையும் நோக்குங்கள். வள்ளுவர் காலத்தில் அதற்கு நுகரத்தக்க பொருள் என்ற பொருள் இருந்தது. பிற்காலத்தில் தூய்மையைக் குறித்தது. ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயர் இழிவாகக் கருதப்படுகிறது என்று 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அதனைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றியது. நல்ல செயலே. ஆனால் அச்சொல்லில் என்ன இழிவு இருந்தது? அவ்வேலையைச் செய்தவர்களை நாம் நடத்திய முறையில் இருந்த இழிவு சொல்லின்மேல் படிந்தது. நடத்தும் முறை மாறாவிட்டால் புதிய சொல்லிலும் அது படியும்.

ஆங்கிலத்திலேயே இதற்கு மருந்தும் இருக்கிறது. ‘கிளீன் அப்’ என்பதோடு ‘ஆஃப்டர்’ என்னும் இன்னொரு குட்டிச் சொல்லைச் சேர்ப்பார்கள். ‘கிளீன் அப் ஆஃப்டர்’ ஒருவர் என்றால், அவர் போட்டுவிட்டுப் போன அழுக்கை அவருக்குப் பின் வந்து எடுத்தல். இந்த ஒரு சொல் சேர்ந்தவுடன் மறைந்திருந்த மனிதர்கள் இருவரும் வெளியே வந்துவிடுகிறார்கள். அழுக்குச் செய்தவர் ஒருவர்; அதை எடுப்பவர் ஒருவர். ‘கிளீன் அப் ஆஃப்டர் யுவர்செல்ஃப்’ என்று பள்ளியில் ஆசிரியை சொன்னால், இருவரும் ஒருவரே ஆகிவிடுகிறார். நீ செய்ததை நீயே எடு. இதைவிடச் சிறந்த பொருள் இக்கூட்டுவினைக்கு இல்லை என்பது என் எண்ணம்.

‘கம் கிளீன்’ என்றும் ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. மறைக்காமல் உண்மையைச் சொல்லிவிடுதல் என்று அதற்குப் பொருள். வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில் உடல் தூய்மைக்கு நீரையும் உள்ளத் தூய்மைக்கு உண்மையையும் வழியாகச் சொல்கிறார். இடம் சுத்தமாயிற்று என்று சொன்னால் மட்டும் போதாது. எது போயிற்று, எங்கே போயிற்று, யார் எடுத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் நாள்தோறும் மூன்று மொழிகளில் வாழ்கிறார்கள். ‘கிளீன் அப்’ என்றால் என்ன என்று அவர்கள் கேட்டால், பொருளைச் சொல்வதோடு இம்மூன்று கேள்விகளையும் கேட்கப் பழக்குவோமாக. தேர்வில் மதிப்பெண் கிடைப்பதோடு செய்தித்தாளைப் படிக்கவும் அது உதவும்.

இறுதியாக நம் சங்கத்தின் செயற்குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். நம் விழாக்களில் அறுசுவை உணவுக்குப் பிறகு மண்டபம் எப்படிக் கிடக்கிறது என்பதை அன்பர்கள் அறிவர். இலைகளும் காகிதக் குவளைகளும் சிந்திய சாம்பாரும் கிடக்க, கடைசிப் பாட்டு முடிந்ததும் நாம் மெட்ரோவைப் பிடிக்க ஓடுகிறோம். இரவு பதினொரு மணிக்குமேல் அவற்றை எடுப்பவர்கள் நான்கைந்து பேர். அவர்களில் தமிழ் பேசுவோரும் உண்டு. வருகின்ற பொங்கல் விழாவில் ஒவ்வொரு குடும்பமும் தான் உண்ட இலையைத் தானே எடுத்து, தான் அமர்ந்த இடத்தைத் தானே துடைத்துவிட்டுப் புறப்படுவது என்று வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேர வேலை. மேசைகளைத் துடைக்கும் துணி கொண்டுவரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். பிறகு, அப்பணியாளர்களையும் நம் பந்தியில் அமர்த்தி, நாம் பரிமாற, அவர்களோடு சேர்ந்து ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் உண்டுவிட்டு வீடு திரும்புவோம். நரேலாவிலிருந்து வர விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு பேருந்து ஏற்பாடு செய்ய இயலுமா என்பதையும் செயற்குழுவினர் அன்புகூர்ந்து ஆலோசிக்க வேண்டுகிறேன்.